தரம் யாருடைய முனையில்? தனித்து ஓடும் ஜெனரேட்டரின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

சிறுபத்திரிகை வாசிப்பவர்களுக்குத் 'தரம்' என்கிற சொல் புதிதல்ல. க.நா.சு. தொடங்கி இந்தச் சொல்லை வைத்து நடந்த சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. தரம் என்று ஒன்று உண்டு, தேர்ந்த வாசகன் அதை அறிவான் என்றது ஒரு தரப்பு. யாருடைய தரம், எந்த இடத்தில் நின்று அளந்த தரம் என்று கேட்டது இன்னொரு தரப்பு. எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் நான் இரண்டாவது தரப்போடுதான் நின்றேன். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு பௌதிக வடிவமும் உண்டு என்று எனக்குக் காட்டியது கோட்பாட்டுப் புத்தகம் எதுவும் அல்ல. 2012 சாரல் காலத்தில் குற்றாலத்தில் ஒரு விடுதியின் கொல்லைப்புறத்தில் ஓடிக்கொண்டிருந்த டீசல் ஜெனரேட்டர்.

அப்போது தென்காசி தனி மாவட்டம் ஆகவில்லை. 2019 நவம்பரில்தான் ஆனது. மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷம் அது. சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால் எங்கள் பக்கம் காலை, மதியம், ராத்திரி என்று துண்டுதுண்டாகப் பிடுங்குவார்கள். அந்த ஐப்பசியில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்தையும் தாண்டியது. சாரல் மாதங்களில் கணவாய்க் காற்றில் காற்றாலைகள் ஓடுவதால் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். சீசன் நேரத்தில் விடுதிக்காரர்கள் இருட்டில் உட்கார முடியுமா? ஆளுக்கொரு ஜெனரேட்டர்.

நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கூடி இரண்டு நாள் கட்டுரை வாசித்து விவாதிப்பதாக ஏற்பாடு. நான் தங்கிய அறை பின்பக்கம், சமையல்கட்டை ஒட்டி. முதல் நாள் ராத்திரி அங்கே பெரிய வாக்குவாதம். சமையல்கட்டிலும் வேலையாட்கள் படுக்கிற அறையிலும் பல்பு மாட்ட மாட்டப் போய்க்கொண்டிருக்கிறது. மேனேஜர் சொல்கிறார், நல்ல பல்பைக் கழற்றிக்கொண்டு போய்விட்டு ஃபியூஸ் போனதை மாட்டி வைக்கிறார்கள் என்று. சம்பளத்தில் பிடிப்பேன் என்றார். பாத்திரம் கழுவுகிற அக்கா அழவில்லை, சத்தமும் போடவில்லை. "எடுத்துட்டுப் போயி எங்க மாட்டப் போறேன்? எங்க வீட்டுலதான் கரண்டே இல்லியே" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வேறு ஏதோ கோளாறுக்கு ஜெனரேட்டர் மெக்கானிக் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பலகையில் வோல்ட் மீட்டர் 230 காட்டியது. "பாருங்க, கரெக்டா இருக்குல்லா" என்றார் மேனேஜர். மெக்கானிக் மீட்டருக்குக் கீழே இருந்த குமிழைத் திருப்பப் பார்த்தார். அது துருவேறிச் சிவப்பு ஃபேஸிலேயே இறுகிக் கிடந்தது. கைமீட்டரை எடுத்து ஒவ்வொரு முனையிலும் வைத்தார். சிவப்பு 230. மஞ்சள் 245. நீலம் 262. சமையல்கட்டு நீலத்தில் இருந்தது.

"அண்ணாச்சி, ஒரே மெஷின்ல எப்படி மூணு வோல்ட்டு?" என்று கேட்டேன்.

"ஏசி ரூம் பூராத்தையும் சேப்புல தட்டி வச்சிருக்கான் தம்பி. அந்தப் பக்கம் லோடு கூடுனா வோல்ட்டு எறங்கும். ஏ.வி.ஆரு பாத்துக்கிட்டே இருக்கும், உடனே ஏத்திக் குடுக்கும். ஆனா இது சேப்ப மட்டுந்தான் பாக்கு. அதுக்காக ஏத்துனா மத்த ரெண்டும் சேந்து ஏறுமா ஏறாதா? மீட்டரும் சேப்பத்தான் பாக்கு. ரெண்டும் ஒரே ஆளுகிட்டக் கேட்டுக்கிட்டு ஊரே நல்லாருக்குன்னு சொல்லுது."

பிறகு நாங்கள் வாசித்த கட்டுரைகளில் எதுவும் எனக்கு இப்போது நினைவில்லை. இந்த வாக்கியம் மட்டும் நினைவிருக்கிறது. கட்டுரை இதன் வரலாற்றைத் தேடிப் போகிற முயற்சி.

2

மூன்று ஃபேஸ் என்பதை நம் அரசியல் மேடைகள் 'மும்முனை மின்சாரம்' என்று தமிழாக்கி வைத்திருக்கின்றன. நல்ல ஆக்கம்தான். ஆனால் ஏன் மூன்று என்று யாரும் மேடையில் சொல்வதில்லை.

ஜெனரேட்டருக்குள் மூன்று தனித்தனிச் சுருள்கள், 120 டிகிரி இடைவெளியில். நடுவில் காந்தம் சுழல்கிறது. நான்கு துருவம் என்றால் நிமிஷத்துக்கு 1500 சுற்று. நமக்கு வேண்டிய 50 சைக்கிள் அதில் கிடைக்கும். ஒரு சுருளில் அலை உச்சிக்கு வரும்போது மற்ற இரண்டும் வேறு வேறு நிலையில் இருக்கும். மூன்றும் சமமாகச் சுமந்தால் எந்தக் கணத்திலும் மூன்றின் கூட்டுத்தொகை பூஜ்யம். திரும்பிவரும் கம்பியான நியூட்ரலில் ஓட்டமே இராது. கம்பி மிச்சம், செம்பு மிச்சம், மோட்டாரும் தானாகச் சுழலும். ஆக, சமத்துவம் இந்த ஏற்பாட்டின் இலட்சியமல்ல, நிபந்தனை. சமமாகச் சுமந்தால்தான் கணக்கு நேராகும்.

1891இல் ஜெர்மனியில், நெக்கார் ஆற்றின் கரையில் உள்ள லாஃபன் என்ற ஊரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு 175 கிலோமீட்டர் தூரம் மும்முனை மின்சாரம் கொண்டு செல்லப்பட்டது. டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி போன்றோரின் வேலை. போன மின்சாரம் ஆயிரம் விளக்குகளை எரித்தது. கூடவே ஒரு பம்ப்பை ஓட்டி ஒரு செயற்கை அருவியையும் விழச் செய்தது. ஆற்றுத் தண்ணீரின் விசை கம்பி வழியே போய் வேறோர் ஊரில் அருவியாக விழுகிறது. குற்றாலத்துக்காரனுக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். எங்கள் பேரருவி விழுந்து, குளிக்கிறவர்களின் தலையில் அடித்து, சிற்றாறாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அது மின்சாரமாகவில்லை.

தண்ணீர் எந்திரம் ஓட்டியது எங்களுக்குத் தெற்கே, பாபநாசத்தில். 1880களில் ஹார்வி சகோதரர்கள் விக்கிரமசிங்கபுரத்தில் தொடங்கிய நூற்பாலை தாமிரபரணியின் வீழ்ச்சியை நம்பித்தான் அங்கே வந்தது. அரசாங்கத்தின் பாபநாசம் நீர்மின் நிலையம் அறுபது வருஷம் கழித்து, 1944இல். நீலகிரியில் பைக்காரா 1932, மேட்டூர் 1937, பிறகு பாபநாசம். மலையிலிருந்து இறங்கிய இந்த மூன்றும் சென்னை மாகாண மின்சார வரலாற்றின் முதல் அத்தியாயங்கள். செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்ப் பக்கம். தென்காசியும் குற்றாலமும் இந்தப் பக்கம். ஆறு மைலுக்குள் இரண்டு அரசாங்கம்.

ஆலையின் மோட்டார் மூன்று முனையிலும் சமமாக இழுக்கும்; பிறவியிலேயே சமச்சீர். வீட்டு பல்பு அப்படியல்ல. அது ஏதோ ஒரு முனைக்கும் நியூட்ரலுக்கும் நடுவே தொங்குவது. ஒரு தெரு சிவப்பில், இன்னொரு தெரு மஞ்சளில். எந்த வீடு எப்போது எதைப் போடும் என்று யாருக்கும் தெரியாது. மின்சாரம் ஆலையைத் தாண்டி வீட்டுக்குள் நுழைந்த இடத்தில்தான் சமமின்மை அன்றாட விஷயமாகிறது. மின்பொறியாளர்கள் 'சமனற்ற சுமை' என்று சொல்வது வேறொன்றுமில்லை, ஜனங்கள் வாழ்வதைத்தான்.

3

இந்தச் சமமின்மையைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் சார்லஸ் ஃபோர்டெஸ்க்யூ. கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரையில், தோல் வாணிபம் நடந்த யார்க் ஃபாக்டரியில் பிறந்தவர். வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் பொறியாளர். மோட்டார்கள் சமனற்ற நிலையில் எப்படி நடந்துகொள்கின்றன என்று 1913இல் ஆராயத் தொடங்கியவர், 1918இல் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் கூட்டத்தில் ஒரு கட்டுரை வாசித்தார்.

அவர் சொன்னது இதுதான். எவ்வளவு கோணலான மூன்றையும், தம்மளவில் சமமான மூன்று கூட்டங்களின் சேர்க்கையாக எழுதிவிடலாம். முதலாவது நேர்வரிசை: சிவப்பு, மஞ்சள், நீலம் என்று எந்திரம் சுழல்கிற திசையிலேயே சுழல்வது. இரண்டாவது எதிர்வரிசை: அதே மூன்று, தலைகீழ் முறையில், எதிர்த்திசையில் சுழல்வது. மூன்றாவது பூஜ்யவரிசை: மூன்றும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கி, நியூட்ரல் வழியாகத் திரும்புவது. சுமை சமமாக இருந்தால் முதலாவது மட்டும். சமம் குலையக் குலைய மற்றவை தலைகாட்டும்.

சசூரின் மொழியியல் பாடங்கள் அச்சாகி இரண்டே வருஷம் கழித்து வந்த கட்டுரை இது. இரண்டுக்கும் தொடர்புண்டு என்று நான் சொல்ல வரவில்லை. தனித்தனிப் பொருளைப் பார்ப்பதை விட்டு உறவுகளின் ஒழுங்கைப் பார்ப்பது என்கிற காரியம் அந்த வருஷங்களில் பல இடங்களில் நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

எதிர்வரிசை என்றதும் நம் ஆட்கள் 'எதிர்ப்பு' என்று கொண்டாடக் கிளம்பிவிடக் கூடாது. எந்திரத்துக்குள் அது செய்கிற வேலை சூடேற்றுவது. காந்தம் முன்னோக்கி ஓட, இந்தப் புலம் பின்னோக்கி ஓட, நடுவில் உள்ள சுழலியின் கண்ணுக்கு அது இரண்டு மடங்கு வேகத்தில், 100 சைக்கிளில் வந்து மோதுகிறது. அதிர்வு, உறுமல், சூடு. மோட்டாரிலும் இதே கதை. மின்னழுத்தத்தில் ஒரு சதவீதம் ஏற்றத்தாழ்வு இருந்தால் மோட்டார் இழுக்கும் ஓட்டத்தில் ஆறு முதல் பத்து சதவீதம் வரை ஏற்றத்தாழ்வு வரும். தோட்டத்துக்காரர்கள் இந்தக் கணக்கைப் படித்ததில்லை. ஆனால் 'காயில் போச்சு' என்றால் என்ன செலவு என்று அவர்களுக்குத் தெரியும். மும்முனை நின்று இருமுனை மட்டும் வருகிற நேரத்தில், கண்டென்சர் போட்டு இல்லாத மூன்றாவது முனையைச் செயற்கையாக உண்டாக்கிக் கிணற்று மோட்டாரை ஓட்டியவர்கள் அவர்கள். வாரியம் அதைக் குற்றம் என்றது. அது வலைப்பின்னலைக் கெடுக்கும் என்பதும் உண்மை. பயிர் காயும் என்பதும் உண்மை.

4

பெரிய வலைப்பின்னலில் இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நூற்றுக்கணக்கான ஜெனரேட்டர்கள், லட்சக்கணக்கான வீடுகள். ஒருவர் கோணலை இன்னொருவர் கோணல் ஈடுகட்டிவிடும். தனித்து ஓடும் ஜெனரேட்டருக்கு அந்தச் சாய்மானம் கிடையாது. ஒரு வெட்கிரைண்டர் ஓடினால் அது தலையசைக்கும். விலகல் அங்கே உடனே தெரிந்துவிடும். அதனாலேயே தனி ஜெனரேட்டர் நல்ல வரலாற்று ஆவணம் என்று நினைக்கிறேன்.

செங்கோட்டைக் கணவாய்க்குக் கீழ்ப்பக்கம், சுரண்டை, ஆலங்குளம் வட்டாரத்துக் காற்றாலைகளை இதற்கு எதிர் உதாரணமாகச் சொல்லலாம். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் பரவிய பழைய வகைக் காற்றாலைகள் தூண்டல் ஜெனரேட்டர்கள். காந்தமாவதற்கு வேண்டிய ஓட்டத்தையே வலைப்பின்னலிடமிருந்துதான் அவை வாங்க வேண்டும். கம்பியில் உயிர் இல்லையென்றால் காற்று எவ்வளவு அடித்தாலும் பக்கத்து ஊருக்கு ஒரு பல்பு எரிக்க அவற்றால் ஆகாது. இருட்டுத் தெருவில் நின்று தூரத்தில் சுற்றும் இறக்கைகளைப் பார்த்துக் கோபப்பட்டவர்கள் எங்கள் ஊரில் நிறைய. கோபம் நியாயமானது, காரணம் மட்டும் வேறு.

தனி ஜெனரேட்டரை எங்கள் ஜனங்கள் அறிந்தது விடுதியில் அல்ல, கோயில் கொடையில். அதற்கு முன்னால் வெளிச்சம் மனிதர்களின் தோளிலும் தலையிலும் வந்தது. சாமி புறப்பாட்டுக்குத் தீவட்டி. பிறகு காஸ் லைட்டு என்று நாம் சொல்லும் பெட்ரோமாக்ஸ். பிறகு ட்யூப்லைட்டு. கல்யாண ஊர்வலத்தில் இரண்டு பக்கமும் பெண்களும் சிறுவர்களும் தலையில் ட்யூப்லைட்டைச் சுமந்து நடப்பார்கள்; அவர்களையெல்லாம் ஒரே வயரில் கோத்துப் பின்னால் வண்டியில் ஜெனரேட்டர் வரும். விளக்கு மாறியது, சுமக்கிறவர்கள் யார் என்பது அநேகமாக மாறவில்லை. மாப்பிள்ளை முகத்தில் வெளிச்சம் விழுவதற்காக நடந்தவர்களின் முகம் எந்தக் கல்யாண ஆல்பத்திலும் முழுசாக இராது. மின்சாரம் வந்து சாதி ஒழுங்கைக் கரைத்துவிட்டது என்று பேசுபவர்கள் இந்த வயரைக் கொஞ்சம் பிடித்துப் பார்க்க வேண்டும்.

மைக் செட்டுக்காரர்களின் அறிவு தனி. பெரிய கொடை என்றால் மூன்று ஃபேஸ் ஜெனரேட்டர். மைக் ஒன்றில், சீரியல் செட் ஒன்றில், கடைகள் ஒன்றில் என்று பிரித்துப் போடுவார்கள். ராத்திரி ஒரு மணிக்குக் கடைகள் அணைந்ததும் அந்த முனை காலியாகும். அதில் கடைசிவரை எரிகிற நாலு பல்புக்கு ஆபத்து. பழைய மாடல்களில் ஏ.வி.ஆர். கிடையாது, ரெகுலேட்டரைக் கையால் திருக வேண்டும். வில்லுப்பாட்டு முடிகிறவரை ஓர் ஆள் தூங்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். எந்தப் பக்கம் பல்பு மங்குகிறது, எந்தப் பக்கம் வெள்ளையாக எரிகிறது என்று பந்தல் முழுக்க அவன் கண் போய் வரும். ஃபோர்டெஸ்க்யூவின் மூன்று வரிசைகளை அவன் கேள்விப்பட்டதில்லை. ஆனால் மூன்று முனைகளையும் பார்த்தான்.

5

தானியங்கி ரெகுலேட்டர் வந்ததும் அந்த ஆள் வீட்டுக்குப் போனான். அவன் கண்ணுக்குப் பதில் இரண்டு மெல்லிய வயர். அவற்றின் மறுநுனி எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. மலிவான ஏ.வி.ஆரில் அது ஒரு முனையில் மட்டும் இருக்கும். விலை கூடினால் மூன்று முனைகளையும் பார்த்துச் சராசரி எடுக்கும். சராசரியும் தீர்வல்ல: மூன்று சுருளுக்கும் நடுவில் உள்ள காந்தம் ஒன்றுதான், அதைக் கூட்டினால் மூன்றும் கூடும், குறைத்தால் மூன்றும் குறையும். அந்தக் கட்டுப்பாட்டால் தனித்தனியாகக் கொடுக்க முடியாது. இன்றைக்கு மின்னணுக் கட்டுப்பாடுகள் ஃபோர்டெஸ்க்யூவின் கணக்கையே ஒவ்வொரு கணமும் போட்டு, எதிர்வரிசையைத் தனியே பிரித்தெடுத்து, அதற்கு மாற்றான ஓட்டத்தைச் செலுத்தி அழிக்கின்றன. சூரியத் தகடுகளோடும் பேட்டரியோடும் வருகிற பெரிய இன்வெர்ட்டர்களில் இது சாத்தியம். ஆனால் அங்கும் முதலில் எல்லா முனைகளிலும் அளக்க வேண்டும். அளக்காத இடத்தைத் திருத்துகிற கட்டுப்பாடு எந்த நாட்டிலும் கிடையாது.

விடுதிக்கு வருகிறேன். நான் திரும்பத் திரும்ப யோசிப்பது இந்த ஒரு விஷயத்தை. அதிகம் இழுத்தது ஏசி அறைகள். அடிபட்டது ஒற்றை பல்பு எரித்த சமையல்கட்டு. குறைவாக எடுத்தவர்கள் மேல் அழுத்தம் கூடுதலாக விழுந்தது. விழுந்ததற்குத் திருட்டுப் பட்டமும் சேர்ந்து வந்தது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மீட்டர் 230 என்றது, சிவப்பில் 230தான் இருந்தது. மேனேஜர் மீட்டரை நம்பினார். தரம் பேணப்பட்டது, அளவுமானி வைத்த இடத்தில்.

நியூட்ரல் அறுந்தால் இன்னும் மோசம். அப்போது மூன்று முனைகளுக்கும் பொதுவான நடுப்புள்ளி, அதிகம் இழுக்கிற முனையை நோக்கி நகர்ந்துவிடும். அந்தப் பக்கம் மங்கும். இலேசான பக்கத்தில் 230 என்பது 400ஐக்கூட நெருங்கும். டி.வி. புகையும். 'நியூட்ரல் போச்சு' என்று தெருவே வெளியில் ஓடிவரும். தொண்ணூறுகளின் இதழ்களில் 'மையம்' பற்றி எழுதப்பட்டதைப் படித்து வளர்ந்தவன் நான். மையம் நகரும் என்பதை விடுதலைச் செய்தியாகவே படித்தேன். எந்தப் பக்கம் நகரும், நகர்ந்தால் யார் வீட்டில் புகையும் என்று கேட்க அப்போது எனக்குத் தெரியவில்லை.

உவமையை எல்லை தாண்டி இழுக்கவும் கூடாது. எந்திரத்தில் சமம் குலைவது யாருடைய சதியுமல்ல. மெக்கானிக்கும் சமூகநீதிக்காக வேலை பார்க்கவில்லை. அன்று இரண்டு ஏசி அறைகளின் லைனைச் சிவப்பிலிருந்து கழற்றி நீலத்துக்கு மாற்றினார். "சீசன் முடியட்டும், மிச்சத்தையும் பிரிச்சுப் போட்டுத் தாரேன்" என்றார். நீலம் 262இலிருந்து 241க்கு இறங்கியது. அவருக்கு அவ்வளவுதான் காரியம். ஆனால் எந்த லைனை எந்த முனையில் மாட்டுவது என்று விடுதி கட்டும்போது யாரோ ஒருவர் முடிவு செய்தார் இல்லையா? அது பௌதிகமல்ல. 2012இல் எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் வெட்டு என்று முடிவு செய்ததும் பௌதிகமல்ல. சுமை எங்கே விழும் என்பதைக் கம்பி தீர்மானிப்பதில்லை; கம்பியை மாட்டுகிறவர்கள் தீர்மானிக்கிறார்கள். அப்படித் தீர்மானித்த பிறகு, அந்தத் தீர்மானத்துக்கு வசதியான இடத்தில் மீட்டரையும் மாட்டிவிடுகிறார்கள்.

தரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பல்பு எரிய வேண்டுமே. தரம் வேண்டும் என்பவர்கள் முதலில் குமிழைத் திருப்பிக் காட்ட வேண்டும் என்கிறேன்.

கிளம்புகிற நாள் காலையில் காபி வாங்கப் போனேன். சமையல்கட்டில் புது பல்பு எரிந்துகொண்டிருந்தது. பிடித்த காசு திரும்பி வந்ததா என்று அந்த அக்காவிடம் கேட்டேன். "மேனேஜர் ஒண்ணும் சொல்லலியே தம்பி" என்றார்.